எட்டுப் பேருக்கு ஓர் அறை

செவெரினோ யானேசா எங்களிடம் ஒரு நாளும் பணம் கேட்டதில்லை. நாங்கள்தான் அவன் பின்னாலேயே போய்த் திணித்தோம். அதனால், 'அவன் ஏமாற்றிவிட்டான்' என்று இப்போது யாராவது முனகினால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏமாற்றுகிறவன் கொஞ்சமாவது உழைக்க வேண்டாமா? இவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மற்ற வேலையை எல்லாம் நாங்களே பார்த்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால், முப்பத்தைந்து வருடத்துக்கு முன் விற்ற, ரப்பர் விசைகள் வைத்த ஒரு பழைய கணினியை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிற கூட்டம். அதன் நினைவகம் மொத்தம் நாற்பத்தெட்டு K. இன்றைக்குக் கைபேசியில் எடுக்கிற ஒரு புகைப்படத்துக்குள் எங்கள் கணினி நூறு அடங்கும். அந்தச் சந்துக்குள் புதுசு புதுசாக விளையாட்டு எழுதி, கேசட்டில் பதிந்து, அட்டைப்பெட்டி போட்டு, எங்களுக்குள்ளேயே விற்றுக்கொள்வோம். ஸ்பெயின் முழுக்கத் தேடினால் நானூறு பேர் தேறுவோம். ஹிஹோன் ஊரில் ஒன்பது பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை, நடுப்பகலில், சிமாதெவியா மேட்டில், சீத்ரா என்கிற ஆப்பிள் மது விற்கும் கடையின் மாடியில் கூடுவோம். பெரிய வயிறு வைத்த பழைய டிவி ஒன்று அங்கே எங்களுக்காகவே கிடக்கிறது.

என் பெயர் அன்செல்மோ. சாவிக் கடை வைத்திருக்கிறேன். பாதி ஊரின் கதவுகளுக்கு என்னால் மறுசாவி போட முடியும் என்பதாலோ என்னவோ, என் வார்த்தைக்குக் குழுவில் ஒரு மதிப்பு இருந்தது. எங்கள் இணையக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. இன்னும் எழுதி முடிக்காத விளையாட்டுக்கு ஒருவன் முன்பதிவு வாங்க வேண்டுமென்றால், பழைய ஆள் ஒருவர் அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். 'செவெரினோவுக்கு நான் பொறுப்பு' என்று எழுதியவன் நான்.

ஏன் எழுதினேன்? இதற்கு முன் இரண்டு சின்ன விளையாட்டுகளைச் சொன்ன தேதியில் கொடுத்திருந்தான். அது ஒரு காரணம். இன்னொன்று, நான் இருபத்தைந்து யூரோவை நீட்டியபோது அவன் வாங்கவில்லை.

"வேண்டாம் அன்செல்மோ. ஆட்டம் முடியட்டும். பாதில நின்னா உன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"பரவாயில்ல, வெச்சுக்கோ."

"மனசு ஒப்பலப்பா."

மூன்று முறை மறுத்தான். நான்காவது முறை நான் அவன் கோட்டுப் பையில் சொருகினேன். அன்று மாலையே குழுவில் போய் அந்த வரியை எழுதினேன். இரண்டு வாரத்தில் நானூறு பேரும் பணம் அனுப்பிவிட்டார்கள்.

விளையாட்டின் பெயர் 'ஏழாம் சுரங்கம்'. கடலுக்கு அடியில் போகும் நிலக்கரிச் சுரங்கம், வழி தவறிய ஒரு தொழிலாளி, நாற்பது அறைகள். அந்த நாற்பதையும் வரைந்தவள் ஒலாயா. எங்கள் ஒன்பது பேரில் ஒரே பெண். நகரப் பேருந்து ஓட்டுகிறாள். கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அடுத்த நடைக்குக் காத்திருக்கும் ஏழு நிமிடத்தில், ஸ்டியரிங் மேல் கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு வரைவாள். இப்படி ஏழேழு நிமிடமாக மூன்று வருடம். அவளுடைய அப்பா நிஜமாகவே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மரத் தூண்களின் விரிசல், கூண்டு இறங்கும் கிணறு, விளக்கைத் தொங்கவிடும் கொக்கி எல்லாம் அவரிடம் கேட்டுக் கேட்டு வரைந்தது. கூலி கிடையாது. வரைகிறவர்களுக்கும் இசை போடுகிறவர்களுக்கும் எங்கள் கூட்டத்தில் யாரும் காசு கொடுப்பதில்லை. பெட்டியின் மேல் பெயர் வரும், அவ்வளவுதான். அவளுக்கு அந்தப் பெயர்கூடப் பெரிதில்லை.

"நாலு பேராவது நாப்பதாவது அறை வரைக்கும் நடந்து போகணும். அது போதும் எனக்கு" என்பாள்.

நாற்பதாவது அறையை அவள் யாருக்கும் காட்டவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "விளையாடி வந்து பாரு" என்பாள்.

செவெரினோ மாதா மாதம் ஒரு படம் போடுவான். மீதி எவ்வளவு பைட் இருக்கிறது என்று கணினி காட்டும் எண்ணின் படம். எங்கள் ஆட்களுக்கு அது ரத்த அழுத்தம் பார்க்கிற மாதிரி. ஜூனில் 1,904. ஜூலையில் 870. செப்டம்பரில் 211. ஒரு பைட் என்பது ஓர் எழுத்து பிடிக்கிற இடம். ஆக, இருநூற்றுப் பதினோரு எழுத்துக்குத்தான் மிச்சம். ஆட்டம் முடிந்த மாதிரிதான் என்று குழுவே கொண்டாடியது. ஒற்றைப் பைட்டை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிற மகா மேதைகள் நாங்கள்.

அக்டோபரில் செவெரினோ எழுதினான். 'உங்கள் பெயர் விளையாட்டுக்குள்ளேயே வர வேண்டும் என்று சிலர் கேட்கிறீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் மறுக்க மனமில்லை. ஆளுக்கு ஒரு வரி. முப்பத்திரண்டு எழுத்து. பதினைந்து யூரோ.'

கேட்ட அந்தச் சிலர் யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு கேட்டவர்களைத் தெரியும். பல் வைத்தியர் மாக்ஸிமினோ மூன்று பிள்ளைகள் பெயரையும் மருத்துவமனைப் பெயரையும் ஒரே வரிக்குள் அடைக்க ஒரு வாரம் மல்லுக்கட்டினார். கணக்கு வாத்தியார் டெல்மோ, 'எதையும் எண்ணிப் பார்ப்பவன் டெல்மோ' என்று எழுதிக் கொடுத்தான். நான் என்ன குறைச்சலா? 'அன்செல்மோ, ஹிஹோன், முதல் நாள் முதல்' என்று கொடுத்தேன். ஸ்பானிய எழுத்தில் எண்ணினால் ஓர் எழுத்து இடம் மீந்தது. அதில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். காசு கொடுத்த இடமாயிற்றே.

செவெரினோ தினமும் எண்ணிக்கையைப் போட்டான். நூறு. இருநூறு. ஜனவரியில் பட்டியலை மூடியபோது முந்நூற்றுப் பதினெட்டு வரிகள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ஒலாயா என் கடைக்கு வந்தாள். சீருடையோடு, மழையில் நனைந்து. சாவி அறுக்கிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பேருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"செப்டம்பர்ல எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?"

"இருநூத்திப் பதினொண்ணு. இதைக் கேக்கவா வந்த?"

"ஒரு வரி முப்பத்திரண்டு. இருநூத்திப் பதினொண்ணுல எத்தனை வரி அடங்கும்?"

"ஆறு" என்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"வித்தது முந்நூத்திப் பதினெட்டு. ஆறு போனா?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"இந்த முந்நூத்திப் பன்னெண்டு பேரும் எங்கடா உக்காரப் போறாங்க?"

அவள் பேனாவை எடுத்தாள்.

"என்னோட ஒரு அறை, நசுக்கி நசுக்கி, கடைசியா நின்னது இருநூத்தி அம்பத்தாறு பைட்ல. அதுக்கு மேல நசுக்க முடியாதுன்னு அவனே ஜூலைல சொன்னான். அப்போ எட்டு வரிக்கு ஒரு அறை. எட்டுப் பேர் உள்ள வந்தா ஒரு அறை வெளிய போகணும். முந்நூத்திப் பன்னெண்டை எட்டால வகு."

வகுத்தேன். சீட்டின் ஓரத்தில் எழுதவும் செய்தேன். முப்பத்தொன்பது.

"நான் வரைஞ்சது நாப்பது" என்றாள் ஒலாயா.

வெளியே ஒருவர் கண்ணாடிக் கதவைத் தட்டினார். கடை மூடியிருக்கிறது என்று கையை ஆட்டினேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானூறு பேரில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. பைட் பைட்டாக எண்ணுகிற கூட்டம்தான். ஆனால் அவரவர் அவரவருடைய முப்பத்திரண்டை மட்டும் எண்ணினோம். முப்பத்திரண்டு எழுத்தால் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது?

"சனிக்கிழமை நீ கேளு" என்றாள். "நான் கேட்டா, படம் வரைஞ்சவ, தன் படத்துக்காகப் பேசுறான்னு போயிடும். பொறுப்புன்னு எழுதுனது நீ."

"கேக்குறேன்."

"நிஜமா?"

"கேக்குறேன்னு சொன்னேன்ல."

அந்தச் சனிக்கிழமை செவெரினோ எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். சீத்ராப் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, இடுப்புக்குக் கீழே இருக்கும் கோப்பையில் விழுகிற மாதிரி அவனே ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுகூடத் தரையில் விழாது. அவன் கைக்கு அப்படி ஒரு நிதானம். ஒரே கோப்பைதான் மேசையைச் சுற்றி வரும். ஒரு மடக்குக் குடித்து, அடியில் கிடப்பதைத் தரையில் கொட்டிவிட்டு அடுத்தவனிடம் தர வேண்டும்.

என் முறை வந்தபோது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். சீட்டில் இருந்த கணக்கை அப்படியே ஒப்பித்தேன். மேசையே திரும்பியது. செவெரினோவைப் பார்த்து அல்ல. என்னைப் பார்த்து.

"என்னப்பா இது, போலீஸ் விசாரணையா?" என்றார் மாக்ஸிமினோ. "செவெரினோவுக்குத் தெரியாதா எங்க என்ன வைக்கணும்னு?"

"எழுத்தை நசுக்கலாமே" என்றான் டெல்மோ. "ஒரு எழுத்துக்கு எட்டு பிட் எதுக்கு, அஞ்சு போதும். பாதிக்குப் பாதி மிச்சமாகும்."

"பாதியா? எட்டுல அஞ்சு எப்படிடா பாதி?" என்றாள் ஒலாயா. "நீ எல்லாம் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்குற?"

"சரி, மிச்சம் காலே அரைக்கால்னு வெச்சுக்கோ. என்ன இப்போ?"

"அப்பவும் இருபது அறைக்கு மேல போயிடும்."

செவெரினோ பாட்டிலைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஒலாயா சொல்றது நியாயம். இடம் இறுக்கம்தான். நானும் ராத்திரி பகலா மண்டையை உடைச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"B பக்கத்துல போடு" என்றாள் அவள். "ஆட்டம் A பக்கம். பேரெல்லாம் B பக்கம். வேணுங்கிறவன் கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பாத்துக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்ல."

இதைவிட எளிய தீர்வு உலகத்தில் கிடையாது. மற்றவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று நான் நம்பினேன்.

"ரெண்டு தடவை கணினில ஏத்துறதா?" மாக்ஸிமினோ மூக்கைச் சுளித்தார். "ஒரே ஏத்து, நாப்பத்தெட்டுக்குள்ள எல்லாம். அதுதானே நம்ம கௌரவம். B பக்கத்துல போறதுக்கா நான் காசு குடுத்தேன்? டிக்கியில ஏத்துன பெட்டி மாதிரி."

"ஆமா, உள்ளன்னா உள்ள இருக்கணும்" என்றான் டெல்மோ.

செவெரினோ எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "அப்போ ஒரே வழிதான். சில வரியைக் குறைக்கணும். காசைத் திருப்பிக் குடுத்துடுறேன், அது பெரிய விஷயமில்ல. நீங்களே சொல்லுங்க, யாரோட பேரை எடுக்கட்டும்?"

டெல்மோ ரொட்டியைப் பிய்த்தான். மாக்ஸிமினோ டிவியைப் பார்த்தார். அது ஓடவே இல்லை.

"எட்டுப் பேர் விட்டுக் குடுத்தா ஒரு அறை பிழைக்கும்" என்றான் செவெரினோ. "இந்த மேசையிலேயே எட்டுப் பேர் இருக்கீங்க."

அவன் குரலில் கிண்டல் இல்லை. எங்களை அவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தான். கிண்டல் செய்ய வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை.

"என் பேரை எடு" என்றாள் ஒலாயா.

"நீ வரியே வாங்கலயே. உன் பேர் பெட்டி மேலதான் இருக்கு. அது பைட் சாப்பிடாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பேச வேண்டிய இடம் அது. 'என் வரியை எடுத்துவிடு' என்று சொன்னால் போதும். ஒரு வேளை இன்னும் இரண்டு பேர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த முற்றுப்புள்ளிதான் நினைவுக்கு வந்தது. கையில் இருந்த கோப்பையைக் காலி செய்து, அடியில் இருந்ததைத் தரையில் கொட்டி, பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டினேன்.

"நல்லது" என்றான் செவெரினோ. "நான் எப்படியாவது சமாளிக்கிறேன். நம்புங்க."

எல்லோரும் நம்பினார்கள். எதை நம்பினார்கள் என்று கேட்கக்கூடாது.

மே மாதம் பெட்டிகள் வந்தன. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே. அதைப் பற்றிக் குழுவில் பெருமை வேறு. பெட்டி பிரமாதமாக இருந்தது. தடித்த அட்டை, தங்க எழுத்து, ஒலாயா வரைந்த தொழிலாளி விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தான். மாடியில் எட்டுப் பேர் டிவியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒலாயா பின்னால், படிக்கட்டு ஓரத்தில் நின்றாள்.

கேசட் ஐந்து நிமிடம் கிறீச்சிட்டு ஏறியது. அதை நாங்கள் சங்கீதக் கச்சேரி மாதிரி கேட்போம். பிறகு முதல் அறை வந்தது. கூண்டு இறங்கும் கிணறு, விரிசல் விட்ட தூண், கொக்கியில் ஆடும் விளக்கு. ஆறே நிறத்தில் அதை வரைந்திருந்தாள். நிஜமாகவே மூச்சு நின்றது. டெல்மோதான் ஓட்டினான். தொழிலாளியை வலது பக்கம் நடத்தி, விளக்கை எடுக்க வைத்து, கதவைத் திறந்தான்.

இரண்டாவது அறை வரவில்லை. திரை கறுப்பானது. 'ஏழாம் சுரங்கத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள்' என்று எழுத்து வந்தது. கீழிருந்து பெயர்கள் மேலே நகர ஆரம்பித்தன. பின்னால் ஒரு மெல்லிய இசை.

ஒரு நிமிடம் போயிற்று. இதோ வெடிக்கப் போகிறது, மாக்ஸிமினோ பாட்டிலைத் தூக்கி அடிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"அதோ நானு" என்றார் மாக்ஸிமினோ. "பசங்க பேரும் இருக்கு பாரு. இருங்க இருங்க, போட்டோ எடுத்துக்கிறேன்."

"நிறுத்த முடியாதா இதை?" என்றான் ஒருவன். "என்னுது வேகமாப் போயிடுச்சு."

"திரும்ப முதல்ல இருந்து போடு."

போட்டார்கள். இன்னொரு முறை ஐந்து நிமிடக் கிறீச். கைபேசிகள் எல்லாம் தூக்கிப் பிடித்தபடி தயாராக இருந்தன. 'எதையும் எண்ணிப் பார்ப்பவன் டெல்மோ' என்று வரி ஏறியபோது அவன் கைதட்டினான், தனக்கே. பெயர்கள் முடிய பதினோரு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு 'முதல் பாகம் முற்றும்' என்று வந்தது.

"முதல் பாகமா?" என்று கேட்டேன்.

செவெரினோ தலையசைத்தான். "மீதி முப்பத்தொன்பது அறையும் அப்படியே பத்திரமா இருக்கு. ரெண்டாம் பாகம் போட்டுடலாம். இந்தத் தடவை வரிக்கு அறுபத்துநாலு எழுத்து குடுக்கலாம்னு ஒரு யோசனை."

"செவெரினோ, எனக்கு ரெண்டு வரியா எழுதிக்கோ" என்றார் மாக்ஸிமினோ.

நான் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒலாயா அங்கே இல்லை.

என் வரியும் ஓடியது, நானும் பார்த்தேன். முற்றுப்புள்ளி இருந்தது. அதை நான் தேடினேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வாரம் முழுக்கக் குழுவைப் படித்துக்கொண்டே இருந்தேன். 'கண் கலங்கிவிட்டது.' 'இப்படி ஒரு முடிவை எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை.' 'நம் கூட்டத்தின் மனசு இது.' வயாதோலித் ஊரில் இருந்து ஒருவன், தன் பெயர் வருகிற நொடியை மட்டும் வெட்டி, படமாகப் போட்டிருந்தான். அதைப் பார்த்து இன்னும் நூறு பேர் போட்டார்கள். அறைகள் எங்கே என்று நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேருமே வரி வாங்காதவர்கள். 'பதினைந்து யூரோ கொடுக்கக் கைவரவில்லை, பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை' என்று அவர்களை விரட்டினார்கள்.

நான் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். சீட்டில் இருந்த கணக்கு, சனிக்கிழமை நடந்தது, யாருடைய பெயரை எடுக்கட்டும் என்ற கேள்வி, யாரும் வாயைத் திறக்காதது, நானும் திறக்காதது. கடைசியில், 'செவெரினோவுக்கு இனி நான் பொறுப்பு அல்ல. இரண்டாம் பாகத்துக்கு நான் வரமாட்டேன்' என்று முடித்தேன். வீரச் செயல் செய்துவிட்ட நினைப்பில் காப்பி போட எழுந்தேன்.

திரும்பி வந்தபோது முதல் பதில் வந்திருந்தது. 'அப்படியானால் இரண்டாம் பாகத்தில் உங்கள் இடம் காலிதானே? எனக்குக் கிடைக்குமா?'

இரண்டாவது பதில், அவனுக்கு முன்னால் தானே கேட்டதாக இன்னொருவன் போட்ட சண்டை. பொறுப்பேற்க என் இடத்துக்கு மாக்ஸிமினோ வந்துவிட்டார். பத்து நாளில் முன்பதிவு முடிந்தது.

ஒலாயாவை அதற்குப் பிறகு பேருந்தில்தான் பார்த்தேன். கடற்கரையை ஒட்டிப் போகிற அவளுடைய வண்டியில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் இறங்கினார்கள். அவள் இன்ஜினை அணைத்தாள். ஸ்டியரிங் மேல் கட்டத் தாள் இல்லை. அட்டை கிழிந்த தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. எங்கள் கணினிக்கு எப்படி நிரல் எழுதுவது என்று சொல்லித் தருகிற பழைய புத்தகம்.

"எழுதிட்டேன் பாத்தியா, குழுவுல?" என்றேன்.

"பாத்தேன். மே மாசத்துல எழுதுன."

பிப்ரவரியில் எழுதவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

"செவெரினோ வந்தானா?"

"வந்தான். மீதி முப்பத்தொன்பதுக்கும் கூடவே இன்னும் பத்து வரைஞ்சு தரியான்னு கேட்டான். பெட்டி மேல என் பேரைப் பெருசாப் போடுறானாம்."

"என்ன சொன்ன?"

"இறங்கச் சொன்னேன்."

புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள். ஓரமெல்லாம் பென்சிலால் குறிப்பு. ஏழேழு நிமிடமாகப் படிக்கிறாள் என்று தெரிந்தது.

"நானே எழுதப் போறேன்" என்றாள். "தொழிலாளி இப்பதான் நடக்கிறான். குதிக்க மாட்டேங்கிறான். ரெண்டு வருஷம் ஆகும், மூணும் ஆகலாம். முன்பதிவு கிடையாது, பெட்டி கிடையாது. முடிஞ்சதும் சும்மா எடுத்துக்கட்டும். நாப்பது அறையும் இருக்கும்."

"நான் என்ன செய்யணும் சொல்லு."

"ஒவ்வொரு அறையா ஓட்டிப் பாத்து எங்க உடையுதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். பொறுமையா. முந்நூறு தடவை செத்துச் செத்துப் பொழைக்கணும்."

"நான் பாக்குறேன்."

"பேர் வராது" என்றாள். "ஒருத்தர் பேரும் வராது. என்னுதும் இல்ல, சோதிச்சவன் பேரும் இல்ல. சரிதானே?"

சோதித்தவர் பெயரைக் கடைசித் திரையில் போடுவது எங்கள் கூட்டத்தில் காசு வாங்காமல் ஆட்டத்துக்குள் செய்கிற ஒரே மரியாதை. ஸ்பானிய எழுத்தில் என் பெயர் ஏழு எழுத்து. ஏழே ஏழு பைட். 'சரி' என்றுதான் சொல்ல வந்தேன். சொல்லவும் சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி தாமதமாகிவிட்டது.

அவள் அந்த நொடியைப் பார்த்துவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம் முடிந்திருந்தது. புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்து, இன்ஜினைக் கிளப்பி, கதவைத் திறந்தாள்.

"அடுத்த வண்டியில வா அன்செல்மோ."

இறங்கினேன். மழை பிடித்திருந்தது. வண்டி ஒரு ஆள்கூட இல்லாமல் கிளம்பிப் போனது.